நெயில் பாலிஷ் பொட்டும் மணி அண்ணாவின் காதும்

1. முதல் நாள்

கல்கத்தா சாந்தினி சௌக் சந்துக்குள் இருந்த அந்த ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடையில் சேர்ந்த முதல் நாளே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலாளி ஷ்யாமல்தா, தமிழில் சொன்னால் ஷ்யாமல் அண்ணா, ஒரே மாதிரியான இரண்டு பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர்களை ஒரு பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, ஒரு கேசட்டை ஓடவிட்டார். மேஜை அதிர்ந்தது. பிறகு ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி மாட்டினார். அவ்வளவுதான். பாட்டு ஓடுகிறது, ஆனால் டிரம்மைக் காணோம், பேஸ் கிடாரைக் காணோம். பாடுகிறவன் குரல் மட்டும் எங்கிருந்தோ வருகிறது. நான் தலையைத் திருப்பினால் அதுவும் இடம் மாறுகிறது. பெட்டிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

“கீ ஹோலோ குமார்?” என்று சிரித்தார் ஷ்யாமல்தா. என்ன ஆச்சு என்று கேட்கிறார். அவர் பேசியது எல்லாமே வங்காளம்தான், இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன். “ஒண்ணு காத்த முன்னால தள்ளுது, இன்னொண்ணு பின்னால இழுக்குது. ரெண்டும் சண்டை போட்டுச் சத்தத்தத் தின்னுடுது. இந்தத் தப்பு மட்டும் என் கடையில நடக்கக் கூடாது, புரிஞ்சுதா?”

புரிந்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா சாந்த்ராகாச்சி யார்டில் சிக்னல் ஃபிட்டர். ஐடிஐ முடித்த பையன் ரயில்வேக்குத்தான் வருவான் என்று அவர் நினைத்திருக்க, நான் கிடார் ஆம்ப் பழுது பார்க்கப் போனேன். வீட்டில் இரண்டு மாதம் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை.

அந்தத் தப்பு நடக்காமலிருக்கக் கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். எந்த ஸ்பீக்கர் உள்ளே வந்தாலும் முதலில் பென்சில் செல் டெஸ்ட். செல்லின் இரண்டு முனையிலிருந்தும் வயர் எடுத்து ஸ்பீக்கரின் இரண்டு டெர்மினலையும் ஒரு நொடி தொட வேண்டும். ஸ்பீக்கரின் காகிதக் கோன் வெளியே துள்ளினால், செல்லின் ப்ளஸ் தொட்ட இடம்தான் ஸ்பீக்கருக்கும் ப்ளஸ். உள்ளே இழுத்தால் அடுத்த டெர்மினல் ப்ளஸ். அந்த ப்ளஸ்ஸை ஒட்டி, ஃப்ரேமில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு. பாலிஷ் பாட்டில் ஷ்யாமல்தாவின் மனைவியுடையது. அவரை நாங்கள் பௌதி என்போம், அண்ணி மாதிரி. “என் நெயில் பாலிஷ எல்லாம் உங்க ஸ்பீக்கர்தான் போட்டுக்குது” என்று வாரம் ஒருமுறை திட்டுவார்.

பொட்டு வைத்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் இன்னொரு முறை டெஸ்ட் செய்ய மாட்டோம். பொட்டுக்குச் சிவப்பு வயர், மற்றதுக்குக் கறுப்பு. கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவோம். அதில் எனக்குப் பெருமை வேறு.

2. தண்ணீரில் நின்ற ஆம்ப்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆவணி மாதம் மணி அண்ணா டாக்சியில் தன் ஆம்பைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். பகலில் கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை ஆபீஸில் கிளார்க். சாயங்காலம் வாரத்தில் ஐந்து நாள் பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு ரெஸ்டாரன்ட் பேண்டில் கிடார். ஐம்பது வயது, லேக் கார்டன்ஸில் வாடகை வீடு, சொந்த ஊர் திருச்சிப் பக்கம். கடைக்கு வந்தால் என்னோடு தமிழ் பேசுவதற்கென்றே ஒரு டீ அதிகமாகக் குடிப்பார். ஆபீஸ் ஃபைலைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. கிடாரைப் பற்றிப் பேசாமல் இருந்தும் பார்த்ததில்லை.

அன்றைக்கு டீ வேண்டாம் என்றார்.

“குமாரு, ஹோட்டல் கோடவுன்ல தண்ணி பூந்துருச்சுடா. முழங்கால் அளவு. பாவி பசங்க, ஆம்ப தரையிலயே விட்டுட்டுப் போயிட்டானுங்க.”

பின்பக்கத்தைத் திறந்தேன். மேலே இருந்த வால்வு சேசிஸ், கண்ணாடிக் குழாய்களும் சர்க்யூட்டும் இருக்கிற தட்டு, பிழைத்திருந்தது. கீழே இரண்டு பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர். விரலால் தொட்டேன், கோன் நனைந்த அப்பளமாகக் கையோடு வந்தது. மணி அண்ணா அந்தத் துண்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“பூஜைக்கு முன்னாடி வேணும்டா. துர்கா பூஜை அஞ்சு நாளும் வாசிப்பு இருக்கு. என் பழைய சத்தம் வராம அங்க போய் நின்னேன்னா, பேண்ட் லீடர் வேற ஆளப் போட்டுருவான்.”

அவருடைய இடம் என் கையில் இருந்தது. அதை நான் நன்றாகத் தெரிந்துகொண்டுதான் வேலையை எடுத்தேன்.

3. மூன்றில் ஒன்று

இளையவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் ஸ்பீக்கர் தேர்ந்தெடுத்த கதையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். எங்கள் மார்க்கெட்டில் ஒரு கெட்ட பழக்கம், ஸ்பீக்கரைக் கையில் தூக்கிப் பார்த்து மேக்னெட் கனமாக இருந்தால் நல்ல சரக்கு என்று சொல்லிவிடுவார்கள். பூசணிக்காய் வாங்குகிற லட்சணம்தான். மேக்னெட் கனம் மட்டும் பார்த்து வாங்கினால் கிடார் பல்லைக் காட்டிவிடும். முதலில் ஓம், அதாவது மின்தடை அளவு, பார்க்க வேண்டும். அவர் ஆம்புக்கு எட்டு ஓம் லோடு, அப்படியென்றால் பதினாறு ஓம் ஸ்பீக்கர் இரண்டை பேரலலில் போட வேண்டும், இரண்டும் சேர்ந்து எட்டாகும். பிறகு வாட். ஆம்ப் கொடுப்பதைத் தாங்க வேண்டும், ஆனால் பத்து மடங்கு தாங்குவதை வாங்கினால் கோன் விறைத்துக்கொண்டு வாயே திறக்காது. அதற்கும் பிறகுதான் காது.

மூன்று வகை ஸ்பீக்கர்களை எடுத்து வைத்தேன். ஒன்று நம் ஊர்த் தயாரிப்பு, மைக் செட்டுக்குப் போடுவது, மேக்னெட் அம்மிக்கல் மாதிரி. இரண்டாவது, வேறொரு ஆம்பிலிருந்து கழற்றிக் கோன் மாற்றி ஒட்டியது. மூன்றாவது, கிதிர்பூர் துறைமுகத்தில் வந்து இறங்கிய வெளிநாட்டுப் பழைய சரக்கு. இந்த வகையில் மொத்தம் ஆறு, கிடாருக்கென்றே செய்தவை, மெல்லிய கோன். டெர்மினலில் எந்தப் பக்கம் ப்ளஸ் என்ற அடையாளம் கிடையாது. அவை கடைக்கு வந்தது விசுவகர்மா பூஜைக்கு முதல் நாள்.

அந்த பூஜையைப் பற்றியும் சொல்லவேண்டும். கல்கத்தாவில் அன்றைக்கு எந்தப் பட்டறையிலும் வேலை கிடையாது. கருவிகளுக்கெல்லாம் சிந்தூரப் பொட்டு வைத்து, பூஜை செய்து, எல்லோரும் மொட்டை மாடிக்குப் போய்ப் பட்டம் விடுவார்கள். எங்கள் கடையில் பொட்டு வைப்பது பௌதியின் பொறுப்பு. அதற்கு முந்தைய வருஷம் சிந்தூரத் தூள் ஒரு ஸ்பீக்கருக்குள் கோனை அசைக்கிற வாய்ஸ் காயில் சுருளின் இடுக்கில் விழுந்து, அது கரகரவென்று உரச ஆரம்பித்துவிட்டது. நான் சும்மா இருப்பேனா? “பௌதி, தூள் கீள் ஏதும் இனிமே ஸ்பீக்கர் பக்கமே வரக் கூடாது!” என்று அவரைப் பிடித்துக் கத்தியிருந்தேன்.

இந்த வருஷம் பூஜையன்று நான் மாடியில் இருந்தேன். மறுநாள் காலை வந்து பார்த்தால், ஆறு ஸ்பீக்கரிலும் அழகாகச் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு. ஷ்யாமல்தா டெஸ்ட் போட்டு வைத்துவிட்டார், பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

மணி அண்ணாவைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்துக் கிடாரைக் கையில் கொடுத்தேன். நான் பின்னால் ஒவ்வொரு ஸ்பீக்கராக மாற்றினேன். முதல் ரவுண்டில் அம்மிக்கல்லைத்தான் பிடித்தார். எனக்குத் தெரியும், அது அதிகச் சத்தம் போடுகிறது, அவ்வளவுதான். சத்தம் அதிகமென்றால் நல்லது என்று எந்தக் காதும் ஏமாறும். வால்யூமைக் குறைத்து மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி வாசிக்கச் சொன்னேன். இந்தத் தடவை அம்மிக்கல்லுக்கு முகத்தைச் சுளித்தார். “தகரத்துல ஆணி அடிக்கிற மாதிரி இருக்குடா.” மூன்றாவதுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் நிறுத்தவே இல்லை.

“இதான்டா குமாரு. இதான் என் சத்தம்.”

கவனியுங்கள். வைத்துப் பார்த்தது ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ஸ்பீக்கர். ஒற்றை ஸ்பீக்கரில் வயர் எப்படி மாட்டினாலும் வித்தியாசம் தெரியாது. அன்று சாயங்காலமே அதன் ஜோடியையும் எடுத்து, பொட்டுக்குச் சிவப்பு வயர் மாட்டி, இரண்டையும் பெட்டியில் முடுக்கிவிட்டேன்.

4. மீட்டர் சரியாகக் காட்டுது

வெளியே துர்கா பூஜைக்காகக் கட்டிய மைக் செட் அலறிக்கொண்டிருந்தது. மணி அண்ணா கம்பிகளைச் சேர்த்து மீட்டி இரண்டு கார்டு வாசித்தார். நிறுத்தினார். திரும்பவும் வாசித்தார்.

“வெறிச்சுன்னு இருக்கே?”

“பெட்டி மரத்துல இன்னும் ஈரம் இருக்குண்ணா. காய்ஞ்சா சரியாப் போயிடும்.”

பூஜை முடிந்து பத்தாம் நாள் ஆம்போடு திரும்பி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

“அடிச்சத்தமே இல்லடா. நான் வாசிக்கிறது எனக்கே எங்கயோ கேக்குது. ஒரு அடி நகர்ந்தா மாறிப் போகுது. லீடர் ஸ்டேஜ்லயே கேட்டான், ‘மணி, நீ வாசிக்கிறியா இல்லையா?’ன்னு. முப்பது வருஷத்துல என்ன ஒருத்தன் அப்படிக் கேட்டதில்ல.”

மீட்டரை எடுத்தேன். ஆறரை ஓம் காட்டியது. எட்டு ஓம் லோடு மீட்டரில் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், அதுதான் கணக்கு. பொட்டைப் பார்த்தேன், இரண்டிலும் சிவப்பு வயர் பொட்டில்தான் இருந்தது. வால்வுகளை மாற்றிப் பார்த்தேன். எல்லாம் சரி. மணி அண்ணா கிடாரை மாட்டி ஒரு கார்டு அடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

“உனக்கு எப்படிக் கேக்குது, சொல்லு.”

“மீட்டர் கரெக்டா காட்டுதுண்ணா.”

“அது கெடக்கு. உனக்கு?”

“எல்லாமே சரியா இருக்குண்ணா. நீங்க எதுக்கும் ஒரு தடவ காதக் காட்டிருங்களேன்.”

இதைச் சொன்னது நான்தான். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் கை கூசுகிறது.

அவர் போய்க் காட்டினார். டாக்டர் டெஸ்ட் செய்துவிட்டு, மேல் ஸ்தாயி கேட்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது, இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான், கவலைப்பட ஒன்றுமில்லை என்றாராம். மணி அண்ணா காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. டிசம்பரில் பேண்டிலிருந்து தானாகவே விலகிக்கொண்டார். அவர் இடத்துக்குப் பௌபஜாரிலிருந்து வேறொருவர் வந்தார். மணி அண்ணா கடைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். ஷ்யாமல்தா ஒருநாள், “உங்க மணிதாவுக்குக் காது போயிடுச்சாமே, பாவம்” என்றார். பாவம்தான் என்று நானும் தலையாட்டினேன்.

5. மழை பெய்த பூஜை

அடுத்த வருஷம் விசுவகர்மா பூஜையன்று காலையிலிருந்து மழை. பட்டம் விட வழியில்லாமல் நான் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். பௌதி தட்டோடு வந்தார். டிரில்லுக்கு, சால்டரிங் அயர்னுக்கு, வைஸுக்கு எல்லாம் சிந்தூரம் வைத்துக்கொண்டே போனவர், ஸ்பீக்கர் அலமாரிக்கு வந்ததும் சிந்தூரத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, என் மேஜையிலிருந்த நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்தார். பொட்டு இல்லாத புது ஸ்பீக்கர் ஒன்றைத் திருப்பினார். டெர்மினல் பக்கத்தில், நாங்கள் வைக்கிற அதே இடத்தில், நல்ல உருண்டையாக ஒரு பொட்டு வைத்து நெற்றியில் கை வைத்துக் கும்பிட்டார்.

நான் எழுந்து அலமாரிப் பக்கம் போனேன்.

“பௌதி... என்ன பண்றீங்க?”

“நீதானே தூள் கூடாதுன்னு கத்தினே? அதான் இதுல வைக்கிறேன். போன வருஷமும் இதுலதான் வெச்சேன்.” அவருக்குப் பெருமை. “மத்த ஸ்பீக்கர்ல எல்லாம் எங்க வெச்சிருக்கீங்கன்னு பாத்து அதே இடத்துல வெச்சேன். எப்படி, சரியா இருக்கா?”

“போன வருஷம்... அந்த ஆறு ஸ்பீக்கர்லயும் நீங்கதான் வெச்சீங்களா?”

“வேற யாரு வெப்பா? நீங்கெல்லாம் மாடியில இல்ல இருந்தீங்க?”

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். டெர்மினலின் இடது பக்கமோ வலது பக்கமோ, கைக்கு வந்த பக்கம் வைத்திருக்கிறார். அவருக்கு அது கும்பிடுகிற பொட்டு, எனக்கு ப்ளஸ். வயரை எந்தப் பக்கம் மாட்டினாலும் மீட்டர் ஒரே அளவைத்தான் காட்டும். மீதி நான்கும் ஒற்றை ஸ்பீக்கர் ஆம்புகளுக்குப் போயின, அவற்றில் ஒரு கெடுதலும் இல்லை. ஜோடியாகப் போனது மணி அண்ணாவுக்கு மட்டும்தான்.

அடிச்சத்தம் இல்லை. நகர்ந்தால் மாறுகிறது. எங்கிருந்தோ கேட்கிறது. முதல் நாள் ஷ்யாமல்தா எனக்குக் காட்டியதை அந்த மனுஷன் வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொல்லியிருக்கிறார். நான் பொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அட மடையா!

ஷ்யாமல்தாவிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, டெஸ்ட் பண்ணீங்களான்னு” என்றார். “போ. இப்பவே போ. உன் பௌதிக்கு மட்டும் தெரிய வேண்டாம், தாங்க மாட்டா.”

6. கொலுப்படி

ஸ்க்ரூ டிரைவர், பென்சில் செல், இரண்டு துண்டு வயர். அதை மட்டும் பையில் போட்டுக்கொண்டு மழையில் லேக் கார்டன்ஸ் போனேன். கதவைத் திறந்தது மணி அண்ணாவின் மனைவி சாந்தா அண்ணி.

“வா குமாரு, என்ன இப்படி நனைஞ்சு வந்திருக்க? ஒரு வருஷமா ஆளையே காணோம்.”

“அண்ணி, அந்த ஆம்ப் இருக்கா?”

“இருக்கு, அதோ.” கூடத்தில் சுவரோரமாகக் காட்டினார். மேலே வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் மரப்பாச்சியும் செட்டியார் பொம்மையும் வைத்திருந்தது. “நவராத்திரி வருதே, கொலுவுக்கு அளவு பாத்துட்டிருந்தேன். மூணாவது படிக்கு உயரம் சரியா வருது. சும்மாதானே கெடக்கு.”

பொம்மைகளை நானே இறக்க ஆரம்பித்தேன். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மணி அண்ணா வந்தார். பனியன், கையில் பேப்பர். நான் வாயைத் திறப்பதற்குள், “கொஞ்சம் சத்தமாப் பேசு” என்றார்.

அவருடைய காது என் காதைவிட நன்றாக இருந்தது என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆம்பின் பின்பக்கத்தைக் கழற்றினேன். ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு வயரில் செல்லின் ப்ளஸ், கறுப்பில் மைனஸ். “அண்ணா, கோனப் பாருங்க.” தொட்டேன். டக்கென்று வெளியே துள்ளியது. அடுத்த ஸ்பீக்கரிலும் அதே மாதிரி, சிவப்புக்கு ப்ளஸ். தொட்டேன். உள்ளே போனது.

மணி அண்ணா குனிந்தார். செல்லை என் கையிலிருந்து வாங்கி அவரே தொட்டுப் பார்த்தார். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. மறுபடியும். மறுபடியும். ஐந்தாறு தடவை. முப்பது வருஷம் ஆம்ப் வைத்திருந்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“என் தப்புண்ணா. பொட்டு மாறிப் போச்சு, நான் டெஸ்ட் பண்ணாம மாட்டிட்டேன்.”

இரண்டாவது ஸ்பீக்கரின் இரண்டு வயர்களையும் கழற்றி மாற்றி மாட்டினேன். ஒரு நிமிஷ வேலை. அவர் அலமாரி மேலிருந்து கிடார் பெட்டியை இறக்கி, மேலே இருந்த தூசியைத் துண்டால் தட்டினார். ஒரு கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தது. மீதி ஐந்தை முறுக்கி சுருதி சேர்த்தார். ஆம்பைப் போட்டு, வால்வு சூடாகும் வரை மூன்று பேரும் காத்திருந்தோம்.

ஒரு கார்டுதான் அடித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், சத்தம் தரை வழியாக வந்து என் காலில் ஏறியது. அவர் சுவர் வரைக்கும் நகர்ந்து வாசித்தார், பிறகு ஜன்னல் வரைக்கும். எங்கே போனாலும் சத்தம் கூடவே போனது.

பிறகு கம்பிகளின் மேல் கை வைத்து நிறுத்தினார். முகத்தில் சந்தோஷம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

“ஒரு வருஷம்டா குமாரு. ஆபீஸ்ல யாராச்சும் சிரிச்சா, என் காதப் பத்தித்தான்னு நெனச்சுக்கிட்டேன். இவ சமையக்கட்டுலேருந்து கூப்புட்டா, கேட்டும் கேக்காத மாதிரி இருந்து பழகிக்கிட்டேன். எப்படியும் போகப் போறதுதானேன்னு.”

“மன்னிச்சிருங்கண்ணா.”

“ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னிக்குக் கடையில வாசிச்சுக் காட்டினேன்ல? உனக்கு எப்படிக் கேக்குதுன்னு ரெண்டு தடவ கேட்டேன். நீ மீட்டரப் பத்திச் சொன்ன. உனக்குக் கேட்டுச்சா, இல்லையா?”

அண்ணி என்னைப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம்.

“கேட்டுச்சுண்ணா. வெறிச்சுன்னுதான் இருந்துச்சு.”

மணி அண்ணா கிடாரின் வயரைப் பிடுங்கிச் சுற்றினார்.

“அப்போ போனது என் காது இல்ல” என்றார்.

அவர் பார்க் ஸ்ட்ரீட்டுக்குத் திரும்பவே இல்லை. போய்க் கேட்டார், இடம் காலியாக இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருஷக் கொலுவுக்கு மூன்றாவது படியாக அண்ணி ஒரு டிரங்குப் பெட்டியை வைத்தார். எனக்குச் சுண்டல் கொடுத்தனுப்பினார், மணி அண்ணா வரவில்லை. வேறு கடைக்கும் அவர் போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு வால்வு போனபோது என்னிடம்தான் வந்தார். மாற்றி முடித்ததும் ஒரு கார்டு அடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மீட்டரை மேஜை டிராயருக்குள் போட்டு மூடிவிட்டு, எனக்கு என்ன கேட்கிறது என்று சொன்னேன். இன்றுவரை எந்த வாடிக்கையாளர் வந்தாலும் முதலில் அதைத்தான் செய்கிறேன். பொட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல் டெஸ்ட் அதற்குப் பிறகு.